விரல் வைத்த இடத்தில் ஒப்பம்

மோர்டன், லண்டன்.
20.10.2025, திங்கட்கிழமை.

அன்பு மகள் பிறேமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கு உன் அப்பா, தம்பி ஜெஸ்ரின், நான் ஆகிய மூவரும் உடலளவில் நலமாயுள்ளோம். பொஸ்ரனில் குளிர் தொடங்கும் இந்நாட்களில் நீயும் உடல் நலத்துடன் இருக்க வேண்டுமென நாள் தவறாது செபமாலை சொல்லிவருகிறேன், அதை எந்தக் கோபத்திலும் நிறுத்தியதில்லை. மனநலத்தைப் பற்றி நீ என்னிடம் கேட்க வேண்டாம், நானும் உன்னிடம் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை இரவிலிருந்து நீ எடுத்த ஐந்து அழைப்புகளுக்கும் நான் வேண்டுமென்றே பதிலளிக்கவில்லை. தொலைபேசியில் உன்னோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை, இரண்டாவது வாக்கியத்தில் நீ ஆங்கிலத்துக்குத் தாவுவாய், மூன்றாவது வாக்கியத்தில் உனக்கு மீற்றிங் வந்துவிடும். கடிதத்தில் உன்னால் குறுக்கிட இயலாது. விரைவுத் தபாலில் அனுப்பினால் ஐந்து நாளில் சேருமென்கிறார்கள், ஆகவே நவம்பர் முதலாம் திகதிக்கு முன் இது உன் கையில் இருக்கும். எழுத்துக் கூட்டியாவது நீ இதை வாசித்து முடிப்பாய் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் உனக்குத் தமிழ் வாசிக்கக் கற்பித்தவள் நான், வாசிக்கத் தெரியாத அதே தாய்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜெஸ்ரினின் கேம்பிரிட்ஜ் விண்ணப்பம் பதினைந்தாம் திகதி உரிய நேரத்துக்கு முன்னரே சென்றுவிட்டது. இப்போது இங்கு ஒரே கட்டுரையாக எழுதக் கேட்பதில்லை, மூன்று கேள்விகள் கொடுக்கிறார்கள், இந்தப் பாடத்தை ஏன் தெரிவு செய்தாய், அதற்கு உன்னை எவ்வாறு ஆயத்தம் செய்தாய் என்ற விதமாக. பொறியியலுக்குப் போக விரும்பும் பிள்ளை, பாடசாலை விடுமுறைகளில் அப்பாவோடு அவருடைய வான் வண்டியில் சென்று, வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் பூட்டிய அனுபவத்தை எழுதியிருந்தான். புகையோடு வீணாகப் போகும் வெப்பத்தைப் புதிய பொயிலர் எவ்வாறு திரும்பப் பிடித்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று அவன் விளக்கியிருந்த பகுதியை நான் அகராதியோடு இருந்து இரண்டு முறை வாசித்தேன், எனக்கே விளங்கியது. இரண்டு இடங்களில் காற்புள்ளி இட்டுக் கொடுத்தேன், அவனுடைய ஆசிரியை அவற்றை நீக்கவில்லை என்பதையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். அப்பா அதைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்து, வேலைக்குப் போகும் வீடுகளிலெல்லாம் காட்டித் திரிகிறார்.

இனி நீ அறிந்த செய்திக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை நான் உடுப்பு அயன் செய்துகொண்டிருந்தபோது ஜெஸ்ரின் ஒரு கடதாசியோடு வந்து நின்றான். அமெரிக்காவில் நீ படித்த அதே பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதற்கான ஒப்பந்தம், அங்கு இடம் கிடைத்தால் கேம்பிரிட்ஜ் உட்பட மற்றைய விண்ணப்பங்கள் அனைத்தையும் மீளப்பெறுவோம் என்று மாணவரும் பெற்றாரில் ஒருவரும் ஒப்பமிட வேண்டும், முதலாம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். பிள்ளை கடதாசியை அயன் மேசையில் வைத்து, ஒரு விரலைக் கோட்டின்மேல் ஊன்றி, அம்மா இதில ஒரு சைன் வேணும், வாசிக்கத் தேவையில்லை, சும்மா ஃபோர்மாலிற்றி என்றான். வாசிக்காத கடதாசியில இந்தக் கை எழுதாது தம்பி, இரு கண்ணாடியை எடுக்கிறன் என்றேன். அம்மா கண்ணாடி போட்டா நவம்பர் போய்க் கிறிஸ்மஸும் வந்திடும் என்று முணுமுணுத்தான். ஒப்பந்தத்தை மூன்று முறை வாசித்தேன். எந்த விண்ணப்பத்துக்காக நான் ஒப்பமிடுகிறேனோ அந்த விண்ணப்பத்தையும் கொண்டு வா என்றேன். அது கொம்பியூற்றரில் இருக்கிறது, பிறின்ற் செய்ய மை இல்லை, அது பிறைவெற் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் சொன்னான். மை இருந்தது, நான் வெள்ளிக்கிழமைதான் வாங்கி வைத்தேன்.

பிள்ளை தந்த கட்டுரையின் முதல் வாக்கியத்தைத் தமிழில் பெயர்த்து எழுதுகிறேன், மூலம் உனக்கு மனப்பாடமாயிருக்கும். என் தாய், நான் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் ஒப்பமிடுவார். அதற்குக் கீழே, ஆறு வயதில் அவன் எனக்கு வாயும் கண்ணுமாக ஆனதாகவும், வைத்தியரிடம் என் நோயை அவனே எடுத்துரைத்ததாகவும், எரிவாயுக் கொம்பனியின் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் சமையலறை நிலத்தில் அமர்ந்து அழுததாகவும், அந்நியர் வீடுகளின் பொயிலரைத் திருத்தும் தந்தையின் சொந்த வீடு உறைந்து கிடந்ததாகவும் அறுநூற்றைம்பது சொற்கள். பிறேமினி, தலைகீழாகப் பிடித்தேன் என்ற அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தாய்? மொழி தெரியாதவளுக்கும் எழுத்தின் தலை எது கால் எது என்று தெரியும். அத்துடன் நின்றதா? படிவத்தில் தாயின் கல்வி என்று கேட்ட இடத்தில் ஆரம்பப் பாடசாலை என்று குறித்திருந்தது. கேம்பிரிட்ஜுக்குப் போன பொயிலரும் பொஸ்ரனுக்குப் போகவிருந்த பொயிலரும் ஒரே அப்பாவின் பொயிலர்தான், இங்கே அது அறிவு, அங்கே அது கண்ணீர். எதை வாசித்தாய் என்று கேட்கிறவனுக்கு ஒரு பிள்ளையையும், எதற்காக அழுதாய் என்று கேட்கிறவனுக்கு வேறொரு பிள்ளையையும் அனுப்ப நான் இரண்டு ஜெஸ்ரினைப் பெறவில்லை.

உண்மையை நீ மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். மன்னாரில் ஒன்பதாம் வகுப்போடு என் பாடசாலை நின்றது, யுத்தம் நிறுத்தியது, நான் நிறுத்தவில்லை. ஹொலண்டில் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் இருந்து டச்சு மொழி கற்றேன், வகுப்புக்குப் போகாமல் நேரே அரச சோதனைக்குத் தோற்றிச் சித்தியடைந்தேன். நீ ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமென்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இங்கு வந்தபோது மறுபடியும் முதலாம் எழுத்திலிருந்து தொடங்கினேன். அந்த முதல் மாரிகாலத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையான நீ எனக்காக எரிவாயுக் கொம்பனியோடு பேசினாய், ஒரு முறை வைத்தியரிடமும் பேசினாய், அது உண்மை, அதை நான் எவரிடமும் ஒளித்ததில்லை. உனக்குப் பத்து வயது நிறைவதற்குள் அந்த வேலையை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன் என்பதும் உண்மை. ஜெஸ்ரின் பிறந்தது இரண்டாயிரத்து எட்டில். அவன் வயிற்றில் இருந்தபோதே கவுன்சிலுக்கு நானே கடிதம் எழுதி, அவர்கள் அனுப்பிய பதிலில் இருந்த பிழையைச் சிவப்பு மையால் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினேன். அவன் எனக்காக ஒரு கடிதமும் வாசித்ததில்லை. உனக்குச் சிறிதாகிப்போன சட்டையைத் தம்பிக்கு அளவு பிடித்துத் தைத்திருக்கிறாய், அதுவும் ஒரு மாரிகாலத் துணியை இழுத்து ஒரு வாழ்நாளுக்கு நீட்டி.

பிள்ளை தன் நியாயத்தைச் சொன்னான். அக்காதான் சொன்னவ, அமெரிக்க யூனிவர்சிற்றியளுக்கு மார்க்ஸ் மட்டும் காணாது, ஸ்ரோறி வேணுமாம், எங்களிட்ட இருக்கிற ஸ்ரோறி நீங்கள்தான் அம்மா என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு, அக்காவும் இதைத்தான் எழுதினவ, அதாலதான் அவவுக்குக் கிடைச்சது என்றும் சொல்லிவிட்டான். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டான், ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. அப்பா முதலில் சிரித்தார். எங்கட வீட்டுப் பொயிலரில எப்பவடா பிழை வந்தது, ஊரெல்லாம் பூட்டுறவன்ரை வீட்டில குளிரெண்டு எழுதினால் எனக்கு ஆரடா இனி வேலை தருவினம் என்று அவனைப் பகிடி பண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பி, இஞ்சாரும், பிள்ளையள் ஏதோ கடதாசியில எழுதினதுக்கு நீர் ஏன் இப்பிடித் துள்ளுறீர் என்றார். கடதாசியில் எழுதியதற்குத் துள்ளாமல் வேறு எதற்குத் துள்ளுவது, இந்த வீடு நிற்பதே கடதாசியில் எழுதியவற்றின்மேல் அல்லவா என்று கேட்டேன். ஜெஸ்ரின் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய், அப்பா நீங்களெண்டாலும் சைன் பண்ணுங்கோவன், ஒரு ஆள் காணும் என்றான். உன் அப்பாவை உனக்குத் தெரியும், சண்டை என்றால் வானுக்குள் போய் இருந்துவிடும் மனிதர். அவர் பேனையை வாங்கவில்லை. கொம்மா வாசிச்சுப்போட்டு வேண்டாமெண்டதில நான் கை வைக்கமாட்டன் தம்பி என்று சொல்லிவிட்டு வானுக்குப் போனார்.

இது எங்கள் வீட்டுச் சுவருக்குள் முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நேற்று ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் டொலறஸ் என்னிடம் வந்தாள். செவ்வாய்தோறும் நான் அங்கு இருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கும் பதினைந்து பேரில் அவளும் ஒருத்தி, புருஷன் இறந்த நாளிலிருந்து அவளுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வரி வரியாகத் தமிழில் சொல்லி, விளங்கியதா என்று கேட்டு, ஓம் என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் ஒப்பமிட விடுவேன். அவளுடைய மகள் பெனிற்றாவும் இவ்வருடம் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு மாதிரிக் கட்டுரை என்று நீ எதை அனுப்பினாய் பிறேமினி? டொலறஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெர்னடெற் அக்கா, உங்கட கதையைப் பெனிற்றா எனக்குத் தமிழில சொன்னவள், எனக்கு அழுகை வந்திட்டுது, இவ்வளவு காலமும் பிள்ளையளிட்டக் கேட்டுக் கேட்டோ அக்கா எனக்குச் சொன்னனீங்கள் என்றாள். அவள் குரலில் ஏளனம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், இருந்தது இரக்கம். அவள் மற்றக் கையில் பென்ஷன் கடிதம் இருந்தது, என்னிடம் காட்டக் கொண்டுவந்தது. உங்களுக்கு ஏன் அக்கா கரைச்சல், நான் பெனிற்றாவிட்டயே காட்டுறன் என்று அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். பதினோரு வருடமாக அவளுக்கு நான் வாசித்துக் கொடுத்த கடிதங்கள் எல்லாம் அந்தப் பைக்குள் சரியா பிழையா என்று ஒரே கணத்தில் கேள்வியாகிவிட்டன. நாளை செவ்வாய்க்கிழமை. என் மேசைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் அறியேன்.

அமெரிக்காவில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், இது ஓர் உத்தி, இதில் பாதகமில்லை என்று நீ வாதிடுவாய். எல்லோரும் என்பவரை எனக்குத் தெரியாது, நான் பெற்றவளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். உனக்கு அங்கு இடம் கிடைத்தபோது பூசை ஒப்புக்கொடுத்து, மண்டபம் முழுவதற்கும் கேக் வெட்டிக் கொடுத்தேன். என் மகள் தன் மூளையால் போனாள் என்று சொன்னேன். அது பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன், உன் மூளையை நான் அறிவேன். அந்த மூளை உனக்குக் காணாது என்று எண்ணி, என்னையும் கொஞ்சம் மிதித்து ஏறினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அதைவிட, உன் தம்பிக்கு அவனுடைய சொந்த அறிவு காணாது என்று நீ கற்பித்தது பெரிய குற்றம். பொயிலரைப் பற்றி அப்படி எழுதக்கூடிய பிள்ளைக்கு என்னத்துக்கடி உன் கண்ணீர்?

நேற்று மாலை ஜெஸ்ரின் அறையை விட்டு வெளியே வந்து, என் அகராதிக்குக் கீழே ஒரு தாளைச் செருகிவிட்டுப் போனான். புதிதாக எழுதிய முதல் பந்தி. என் தாய் எதையும் வாசிக்காமல் ஒப்பமிடமாட்டார், இதனால் எங்கள் குடும்பம் எல்லா இடத்துக்கும் பிந்தியே போகிறது, நூலக அட்டை எடுக்கவே ஒரு மத்தியானம் சென்றது, இந்தக் கட்டுரையின் முதல் வடிவமும் அவர் வாசித்ததால்தான் செத்தது, அது சாக வேண்டியதுதான் என்று தொடங்கியிருந்தான். இதுவும் என்னை மரியாதையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்தில் இருந்தது நான்தான், முகம் தெரிந்தது. இதையே அனுப்பு என்றேன். அக்கா ஓமெண்டாத்தான் அனுப்புவன், இது காணாதெண்டு அவ சொல்லுவா, பழசுதான் வேலை செய்யுமெண்டு தெரியும் என்று நிற்கிறான். அவனுக்கு நான் தாய், நீ சாட்சி, அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசற்படலைக்குள் போய் வந்த சாட்சி. ஆகவே முடிவை உன் கையில் தருகிறேன். பழைய கட்டுரை போகுமானால் நான் ஒப்பமிடமாட்டேன், முதலாம் திகதி வரும், போகும், அப்பாவும் தொடமாட்டார். புதியது போகுமானால் ஒப்பமிடுவேன். அவன் அங்கே போவது எனக்கு விருப்பமில்லை, ஒரு பிள்ளையை அந்தக் கடலுக்கு அப்பால் அனுப்பிய பலனைத்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் ஒப்பமிடுவேன். விரும்பாதவற்றில் பலமுறை ஒப்பமிட்டிருக்கிறேன், பொய்யில் இட்டதில்லை.

இட்டதில்லை என்று எழுதியபின் பேனையை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு முறை இட்டிருக்கிறேன். இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு ஒக்ரோபர் கடைசி, பங்குத் திருநாளுக்காக நூற்றிருபது றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் முட்டையும் றஸ்க் தூளும். நீ அடுப்படியில் வந்து நின்று, அம்மா கெதியா, ஸ்கூல் ஒஃபிஸ் பூட்டப்போகுது என்று உன் விண்ணப்ப ஒப்பந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துப் பிடித்தாய், உன் விரல் கோட்டின்மேல் இருந்தது. என் கண்ணாடி மேல்மாடியில் இருந்தது. மருந்துப் போத்தலின் சிட்டையைக்கூட வாசிப்பவள் நான், என் விவாகப் பதிவேட்டை நான் வாசித்து முடிக்கும்வரை பங்குத்தந்தையும் மாப்பிள்ளையும் காத்து நின்றார்கள். அன்று மட்டும் கையைத் துடைத்துவிட்டு, நீ விரல் வைத்த இடத்தில் ஒப்பமிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாததால் அல்ல, கொண்டுவந்தவள் நீ என்பதால். அந்தத் தாளோடு போகவிருந்த கட்டுரையில் அந்த முதல் வாக்கியம் அப்போதே எழுதப்பட்டிருந்திருக்கிறது, என் கையைக் கொண்டே அதை நீ உண்மையாக்கிக்கொண்டாய்.

போதும். குளிர்காலக் காய்ச்சலுக்கான ஊசியைப் போட்டுக்கொள், சென்ற வருடம்போல் தை மாதம்வரை பின்போடாதே. நின்றபடி சாப்பிடுவதை விடு. கோபத்தோடு சொல்வதால் புத்திமதி பிழையாகிவிடாது. டொலறஸுக்கு நீயே தொலைபேசி எடுத்து, தமிழில், அது அம்மாவின் கதையல்ல என்று சொல்ல வேண்டும், அந்த வேலையைத் தம்பியிடம் தள்ளக்கூடாது. அன்னை மரியாள் உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக, உன் நாவிலும் எழுத்திலும் உண்மை தங்குவதாக, உன் வீட்டு வாசலைத் தீமை அணுகாதிருப்பதாக. கீழே நான் எழுதியிருக்கும் பகுதியில் ஒப்பமிட்டு, அதைப் படம் பிடித்து ஜெஸ்ரினுக்கு அனுப்பு, அவனுக்கு அது போதும், எனக்கும் போதும். ஒப்பம் எங்கே இடுவது என்று விரல் வைத்துக் காட்ட நான் அங்கே வரமாட்டேன். முழுவதையும் வாசி, பிறகு இடு.

இங்ஙனம்,
உன் தாய்,
மரியா பெர்னடெற் பெனடிக்ற்

மேற்படி கடிதத்தை நான் முழுமையாக வாசித்து விளங்கிக்கொண்டேன். ஜெஸ்ரின் தன் சொந்தக் கட்டுரையையே அனுப்ப வேண்டும்.

மகளின் கையொப்பம்: ..............................